சரசுவுக்குச் செத்த பிறகு நடந்த கல்யாணம்

1

தங்கராசு, உன் அக்கா சரசுவுக்குச் செத்த பிறகு நீ இன்னொரு முறை கல்யாணம் பண்ணி வைத்தாய். உயிரோடு இருந்தபோது அவளைக் கேட்காமல் உன் அப்பா ஒரு முறை கட்டி வைத்தார். செத்தவளைக் கேட்கவே வேண்டியதில்லை என்பது உனக்கு வசதியாகப் போய்விட்டது.

இதுவரை உன்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இனிமேல் கூப்பிடப் போவதில்லை.

படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில், பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதில் ஓர் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். பெண் சரசு. ஆண் கோவிந்தன். சரசுவைக் கட்டிய வருடமே அவளை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய், வேறொருத்தியோடு குடும்பம் நடத்தி, குடித்துக் குடித்து அங்கேயே செத்தவன். கீழே ‘இணைபிரியாத் தம்பதியர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

அந்த ஃப்ளெக்ஸை அடித்தவன் சரசுவின் தம்பி தங்கராசு. ஒண்டிக்கடையில் ஸ்டுடியோவும் ஃப்ளெக்ஸ் கடையும் வைத்திருப்பவன். அதில் இருக்கிற சரசுவின் முகத்தை வரைந்தவள் நான்.

2

என் பெயர் ஜோதி. கிளியூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தேன். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி வந்து பிரேமன் நகரத்தில் தங்கிவிட்டேன். காலையில் முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து முடித்தால் மதியம். அதற்கு மேல் டிராம் பிடித்து ஓவியக் கல்லூரி. முதுகு வலிக்கிறது. சாயத்தை நகத்திலிருந்து எடுக்கவே முடிவதில்லை. இல்லத்தில் மேற்பார்வை பார்க்கிற பெண் என் நகத்தைப் பார்த்து முகம் சுளிப்பாள்.

நான் ஒரு பெண்ணோடு வாழ்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். அவள் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறாள்; ஊருக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகையில் இதைப் படித்ததும் தெரிந்துவிடும். சரி, தெரியட்டும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். மழை, மிளகு விலை, யார் வீட்டில் என்ன விசேஷம், கடைசியில் ஒரு குத்து. “புள்ள வெளிநாட்டுல இருக்குதுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்றேன். எப்பிடி இருக்குதுன்னு கேட்டாத்தான் வாய் வர மாட்டேங்குது.” நானும் பதிலுக்குக் குத்துவேன். பிறகு அடுத்த ஞாயிறு வரை பேச்சில்லை.

கல்லூரியில் வருடக் கடைசிக் கண்காட்சிக்கு எல்லோரும் ஒரு வரிசைப் படம் தர வேண்டும். நான் எங்களைப் போன்ற ஆட்களின் முகங்களை வரைகிறேன் என்றேன். ஆணோடு வாழ்ந்த ஆண், பெண்ணோடு வாழ்ந்த பெண், எங்கள் மலைக்காரர்கள். ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். “உன் பாரம்பரியத்தையும் கொண்டு வா” என்றார். முதல் படத்தைக் காட்டியதும் சந்தோஷம் இறங்கிவிட்டது. “இதில் இந்தியா எங்கே?” என்று கேட்டார். தங்கநிறம் இல்லை, மயில் இல்லை, தாமரை இல்லை. பக்கத்தில் இருந்த மாணவன், ஏதாவது ஒரு தேவியைப் பின்னால் நிறுத்தலாமே என்று யோசனை சொன்னான். இவர்களுக்கு நாங்கள் எல்லாம் கோவில் சுவரிலிருந்து இறங்கி வந்தவர்கள். லைன் வீட்டில், புகை படிந்த சுவருக்கு முன்னால், ரப்பர் செருப்போடு நிற்கிற இரண்டு பேர் இவர்களுக்குப் போதவில்லை.

என் ஜெர்மன் மொழியும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தது. இவர்கள் கல்யாணமானவர்களைப் போல வாழ்ந்தவர்கள் என்று சொல்ல நினைத்து, கைதானவர்களைப் போல வாழ்ந்தவர்கள் என்று சொல்லிவிட்டேன்; அந்த மொழியில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். வகுப்பே சிரித்தது. பெரிய தப்பு ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

3

அந்த இரண்டு பேர் சரசுவும் பாப்பாத்தியும். எங்கள் லைனில் கடைசி வீடு அவர்களுடையது. கோவிந்தன் ஓடிப்போன பிறகு சரசு எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தாள். பாப்பாத்தி ஏற்கெனவே இருந்தாள், கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் அடி வாங்கி வந்தவள். மிளகுக் காலத்தில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலைக்கு ஜோடி பிரிப்பார். ஒருத்தர் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏற வேண்டும், ஒருத்தர் கீழே பிடிக்க வேண்டும். சரசு ஏறினாள், பாப்பாத்தி பிடித்தாள். மிளகு முடிந்து எல்லா ஜோடியும் கலைந்தது. இது கலையவில்லை. பாப்பாத்தி தன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனாள். இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் இருந்தாள்.

ஊருக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் பெயர் சொல்லாமல் வைத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். பெயர் சொல்லாத வரைக்கும் குழம்பு கொடுப்பார்கள், வாங்குவார்கள், திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயில் வரைக்கும் ஒன்றாக நடந்து போவார்கள். இதைப் பெருந்தன்மை என்று வெளியூரில் இருந்து எழுதுகிறவர்கள் உண்டு. பெருந்தன்மை இல்லை. ஒரு நாள் எறியப் பயன்படும் என்று எடுத்து வைத்த கல்.

கோவிந்தன் செத்த செய்தியைத் தங்கராசுதான் கொண்டு வந்தான். சரசு களத்தில் காபிக்கொட்டை கிளறிக்கொண்டிருந்தாள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். வேடிக்கை பார்க்க ஓடினேன்.

“அக்கா, மச்சான் போய்ட்டாரு. பொட்ட அழிச்சுட்டு வா. தாலியக் கழட்டோணும்” என்றான்.

“எந்தத் தாலி? அவன் போனப்பவே அத வித்துப் பால்மாடு வாங்கிட்டனே. மாடு வேணா கட்டியிருக்குது, போய் அவுத்துக்க.”

“அக்கா, ஊரு பேசும்.”

“உன்ற மச்சானுக்கு நீ வேணா மொட்டையடிச்சுக்க சாமி. எனக்குக் கொட்டை காயோணும்.”

களமே சிரித்தது. தங்கராசு சிரிக்கவில்லை. அன்றைக்குப் பட்ட அவமானத்தை அவன் சரசு சாகும்வரை பொத்தி வைத்திருந்தான்.

4

எங்கள் மலையில் ஜோடிப் படம் என்று ஒன்று உண்டு. எங்கள் அப்பா அம்மா காலத்து ஆட்கள் யாரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்ததில்லை. ஒருத்தர் செத்த பிறகுதான் நினைப்பு வரும். செத்தவரின் ரேஷன் கார்டுப் படம், இருப்பவரின் பாஸ்போர்ட் படம், இரண்டையும் ஸ்டுடியோவில் கொடுத்து ஜோடி சேர்த்துக் கேட்பார்கள். ஸ்டுடியோவில் உடம்புகள் தயாராக இருக்கும். ஆணுக்கு ஒரு கோட்டு, பெண்ணுக்கு ஒரு பட்டுச்சேலை. தலையை மட்டும் பொருத்துவார்கள். எங்கள் லைனில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே கோட்டு, ஒரே பட்டுச்சேலை. வாழ்நாளில் கோட்டைத் தொட்டுப் பார்க்காத என் அப்பாவும் அதைப் போட்டுக்கொண்டுதான் தொங்குகிறார்.

என் பாரம்பரியம் இதுதான். ஆசிரியையிடம் சொன்னேன். புரியவில்லை என்றார். அவருக்குப் புரியாவிட்டாலும் நான் வரையத் தொடங்கினேன்: ஜோடி சேர்ந்து வாழ்ந்தும் ஜோடிப் படம் கிடைக்காதவர்களுக்கு ஜோடிப் படம்.

சரசுவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கும் லைன் வீட்டுக்குமாகப் பாப்பாத்தி அலைந்தாள். மலம் எடுத்தாள், மூத்திரம் எடுத்தாள். நான் சம்பளத்துக்குச் செய்கிற வேலை அது. எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். தங்கராசு ஆரஞ்சுப் பையோடு வருவான், வார்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவான். பாப்பாத்தி மருந்து வாங்கப் போன நேரங்களில் அந்த வாசலில் நின்றது அவன் மட்டும்தான்.

செத்த அன்று அவன் குடும்பம் வீட்டுக்குள்ளே வந்தது, பாப்பாத்தி வெளியே போனாள். யாரும் தள்ளவில்லை. “கொஞ்சம் நகருங்க, சொந்தக்காரங்க பாக்கோணும்” என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லியே குழாயடி வரைக்கும் கொண்டு வந்து விட்டார்கள். எங்கள் ஊரில் செருப்படியும் மரியாதையாகத்தான் விழும்.

சரசுவைத் தூக்கிக்கொண்டு போனதும், பாப்பாத்தி குழாயடிக் கல்லில் கையை வைத்து வளையலை அடித்து உடைத்தாள். அங்கே நின்ற ஒருத்தி கேட்டாள்:

“ஏன்டி, எந்த ஆம்பள செத்துப்போனான்னு வளையல ஒடைக்கற?”

பெண்கள் சிரித்தார்கள். கேட்டவள் என் அம்மா. அவளே அடுத்த ஞாயிறு போனில் இதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். குளிர்காலம், எதிரே ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை.

5

முப்பது நாள் காரியம் முடிந்த பிறகு, பாப்பாத்தி சரசுவின் படத்தையும் தன் படத்தையும் எடுத்துக்கொண்டு தங்கராசு கடைக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது எல்லா வீட்டிலும் இருக்கிற அதே ஜோடிப் படம். கடையில் ஆட்கள் இருந்தார்கள். தங்கராசு அவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்:

“ஏனுங்க, ஜோடிப் படம்னா புருசன் பொண்டாட்டிக்குங்க. உங்க ரண்டு பேருக்கும் எப்பிடிங்க போடறது? யாருக்குங்க கோட்டு மாட்டறது?”

கடை சிரித்தது. பாப்பாத்தி வெளியே வந்து எனக்குப் போன் செய்தாள்.

“கண்ணு, நீ அங்க ஆளு படமெல்லாம் போடறியாமா?”

“போடறேன் அக்கா.”

“எங்க ரண்டு பேத்தையும் சேத்துப் போட்டுக் குடு சாமி. கோட்டு வேண்டாம்.”

கோட்டும் பட்டும் இல்லாமல் வரைந்தேன். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மிளகுக்குப் போகிற கோலம். ஸ்டுடியோ படத்தில் யாரும் யாரையும் தொட மாட்டார்கள், தலைகள் வேறு வேறு தாளிலிருந்து வருவதால். நான் பாப்பாத்தியின் கையைச் சரசுவின் தோள்மேல் வைத்தேன். காபிப் பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் மெஷினில் நுனி போன மோதிர விரலோடு. அந்தக் கைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. வாழ்க்கையில் நான் சரியாக வரைந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

படத்தைப் போனில் அனுப்பினேன்.

“நொம்பக் கருப்பாப் போட்டிருக்கறயே கண்ணு.”

“நீங்க கருப்புதானே அக்கா.”

“அதுஞ் சரி. அவ மூக்குத்தி நல்லா வந்திருக்குது. தோளுதான் வலிக்கும் அவளுக்கு, கைய மெதுவா வெச்சிருக்கற. பரவால்ல.”

பிறகு அவள் செய்ததை எங்கள் ஊர்க்காரி மட்டும்தான் செய்வாள். சிரித்து அனுப்பியவன் கடைக்கே மறுபடி போனாள். மலையில் படம் போடுகிற கடை என்றால் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதோடு, செத்தவளுக்கு அவன் தம்பி. தம்பி பார்க்காமல் அக்கா படம் சுவரில் ஏறக் கூடாது என்று நினைத்தாள். முறை செய்தாள். போனை நீட்டி, இதைப் பெரிசாகப் போட்டு ஃபிரேம் பண்ணித் தரச் சொன்னாள்.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. படத்தைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டான். “போய்ட்டு வாங்க, பண்ணித் தர்றனுங்க” என்றான். வாரா வாரம் போனாள். “மிசினு ரிப்பேருங்க.” “பேப்பரு வல்லீங்க.” அவள் ஒவ்வொரு முறையும் சரிங்க சாமி என்று திரும்பி நடந்தாள்.

6

இதற்குள் இங்கே இன்னொரு கதவு சாத்திக்கொண்டது. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். இறந்தவர்களின் முகத்தைப் பொதுவில் வைக்க, சில வருடங்கள் வரை நெருங்கிய குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நேரில் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தார்.

“பாப்பாத்தியின் சம்மதம் இருக்கிறது” என்றேன்.

“அவர் இறந்தவருக்கு என்ன வேண்டும்?”

இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர் என்றேன். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். எஸ்டேட் லைன் வீட்டில் பதிவுச் சான்று! அப்படியானால் கூடப் பிறந்தவர் யாராவது கையெழுத்துப் போடட்டும் என்றார். ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் உள்ள நாடு இது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னைத் தங்கராசு வாசலில் கொண்டு வந்து நிறுத்தியது.

போன் செய்தேன். அப்போது அண்ணா என்றுதான் கூப்பிட்டேன்.

“அம்மணி, நல்லா இருக்கறயா? படம் பாத்தேன். அக்காவ அப்பிடியே உரிச்சு வெச்சிருக்கற” என்றான். “கையெழுத்துதான, போட்டர்லாம். கீழ என்ன எழுதப்போற?”

“ரண்டு பேர் பேரும் எழுதுவேன் அண்ணா. சேர்ந்து வாழ்ந்தாங்கன்னு.”

“அது வேண்டாம். அக்கா தங்கச்சின்னு எழுதிக்க. நான் போடறேன். எனக்கும் புள்ளைகளக் கட்டிக் குடுக்கோணுமல்ல?”

“அவங்க அக்கா தங்கச்சி இல்லையே அண்ணா.”

“நீ அங்க என்னமோ பண்ணு அம்மணி, அது உன்ற இஷ்டம். உங்கம்மா எல்லாம் சொல்லுச்சு. ஆனா எங்க ஊட்ட உங்க ஊடாட்ட ஆக்காத.”

பாப்பாத்தியிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “எழுதிக்க கண்ணு. அக்கா தங்கச்சின்னா என்ன கொறஞ்சு போச்சு? ஒரு பக்கமாவது நாங்க ரண்டு பேரும் சேந்து தொங்கோணும்.”

அவள் கேட்டது அவ்வளவுதான். நானும் ஒத்துக்கொண்டேன். ‘சகோதரிகள்’ என்று ஜெர்மன் மொழியில் தட்டச்சு செய்து அட்டை அச்சடித்து வைத்தேன்.

7

அந்த வார ஞாயிறு அம்மா கூப்பிட்டாள். குரலில் குஷி.

“தங்கராசு சரசுக்குப் பெரிய போர்டு கட்டியிருக்கறான், நொம்ப நல்லா இருக்குது. உன்ற பாப்பாத்தி பண்ணுன கூத்தக் கேளு.”

படமும் அனுப்பியிருந்தாள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என் ஓவியத்திலிருந்து பாப்பாத்தியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோவிந்தனை நிறுத்தியிருக்கிறான். கோவிந்தனுக்குக் கோட்டு. சரசுவுக்குச் சட்டையை மறைத்துப் பட்டுச்சேலை. ஆனால் தோள்மேல் இருந்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் தோளில் ஓட்டை விழும், அதற்கு அடியில் நான் ஒன்றும் வரைந்திருக்கவில்லை. அதனால் கையை அப்படியே விட்டு, கோட்டின் கைமுனையை இழுத்து அதோடு ஒட்டிவிட்டான். கோவிந்தன் தன் பெண்டாட்டி தோளில் பாப்பாத்தியின் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். நுனி இல்லாத விரலோடு.

காய்கறி வாங்க வந்த பாப்பாத்தி ஒண்டிக்கடையில் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் ஆரம்பித்தான்.

“ஏனுங்கக்கா, கோயிந்தன் கை உங்க கையாட்டவே இருக்குதுங்களே!”

“அவனும் பல்ப்பர்ல உட்டிருப்பானோ என்னமோ” என்றான் இன்னொருவன்.

ஸ்டாண்டே சிரித்தது. சத்தம் கேட்டுத் தங்கராசு வெளியே வந்தான். “அக்கா, வெயில்ல நிக்காதீங்க. ஊட்டுக்குப் போங்க.”

“என்ற கையக் குடுத்துரு சாமி, போயர்றேன்” என்றாளாம் பாப்பாத்தி.

“அது டிசைனுங்க. எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க.”

“அப்ப என்ற படம்?”

“எந்தப் படமுங்க?”

அம்மா இதைச் சொல்லி முடித்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும், “உனக்கு எதுவுமே தமாசா இருக்காது” என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு கிழவருக்குச் சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டேன், அவர் என் கையைத் தட்டிவிட்டார். கல்லூரிக்குப் போய் அச்சடித்த அட்டையைக் கிழித்தேன். சம்மதம் இல்லை, படம் வைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் படம் இல்லாமல் வரிசை நிறையாது, இந்த வருடம் தேற முடியாது என்றார் ஆசிரியை. மறுபடி பணம் கட்டி, மறுபடி அதே வருடம். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

பாப்பாத்தியைக் கூப்பிட்டேன். அக்கா தங்கச்சி என்று எழுதவில்லை அக்கா, கண்காட்சியில் படமும் இருக்காது என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“வேண்டாம் உடு. அவன் பொய்ய அவனே சொல்லட்டும். நம்ம வாயில எதுக்கு?”

“ஊர்ப் பத்திரிகைக்கு எழுதட்டுங்களா அக்கா? உங்க பேர் போட்டு?”

“எழுது. அப்பிடியே போடு. எனக்கென்ன, இனி யாரு பொண்ணு குடுக்கோணும்?” என்று சிரித்தாள். பிறகு, “படத்தையும் போட்டுரு கண்ணு. வெட்டாம” என்றாள்.

8

வெட்டாத படம் இந்தக் குறிப்போடு வருகிறது. பெரிய அளவில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, சேலத்தில் ஒருவர் மூலம் பாப்பாத்திக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். எஸ்டேட்டில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம் என்று பேச்சு இருக்கிறதாம். இது யார் தூண்டுதல் என்று நான் கேட்கவில்லை, பாப்பாத்தியும் சொல்லவில்லை.

தங்கராசு, நீ என் அம்மாவிடம் சொல்லி என்னைத் திட்ட வைக்காதே. போனிலும் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். என் படிப்பு, நான் யாரோடு படுக்கிறேன், இதெல்லாம் வேறு பேச்சு. அதை வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள், எனக்கு வெட்கமில்லை. உன்னிடம் கேட்பது ஒரே கேள்வி.

ஒண்டிக்கடையில், உன் கடை வாசலில், ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து நின்று சொல். முடியாவிட்டால் இதே பத்திரிகைக்கு உன் பெயர் போட்டு எழுது. உன் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபோதெல்லாம் யாரைத் தேடினாள்? கூட்டி வரச் சொல்லி உன்னிடம் யார் பெயரைச் சொன்னாள்?

உனக்குத் தெரியும். வார்டு வாசலில் நீதான் நின்றாய். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்.